பிரித்த பெட்டியைத் திருப்பித் தரலாமா? – உழவர்கரை வழியே ஒரு வரலாறு

புதுச்சேரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கடற்கரைச் சாலையும் பிரெஞ்சு வீதிகளும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஆள் கணக்கில் பெரியது அந்தப் பகுதி அல்ல. 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரி நகராட்சியில் 2,44,377 பேர். அதை ஒட்டியுள்ள உழவர்கரை நகராட்சியில் 3,00,104 பேர். ரெட்டியார்பாளையம், மூலக்குளம், லாஸ்பேட்டை, கதிர்காமம், தட்டாஞ்சாவடி, கோரிமேடு எல்லாம் உழவர்கரைக்குள் வருபவை. மாதச் சம்பளக்காரர்களும் மாணவர்களும் நிறைந்த இந்தத் தெருக்களில் இன்று முதுகில் பெரிய பையோடு பைக்கில் வரும் டெலிவரி இளைஞர்களைப் பார்க்காத நாள் இல்லை.

ரெட்டியார்பாளையத்தில் ஒரு குடும்பம் இணையத்தில் ஒரு மிக்ஸி வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டி வருகிறது. டேப்பைக் கிழித்துப் பிரிக்கிறார்கள். ஜாரில் விரிசல். மோட்டாரோ படத்தில் போட்டிருந்த வாட்ஸ் அளவில் இல்லை. திருப்பி அனுப்பக் கேட்டால் விற்றவரிடமிருந்து ஒரே பதில்: "பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், இனி வாபஸ் இல்லை."

பிரிக்காமல் இருந்தால் பழுது தெரியாது. பிரித்தால் உரிமை போய்விடும். அப்படியானால் பழுதான பொருளைத் திருப்பித் தர வழியே இல்லை என்றுதானே அர்த்தம்?

கேள்வி புதிதுபோலத் தோன்றும். உண்மையில் இது மிகப் பழைய கேள்வி. உழவர்கரை மண்ணில் மட்டும் முந்நூறு ஆண்டுகளில் கம்பெனி, பிரெஞ்சு அரசு, இந்திய அரசு என்று மூன்று ஆட்சிகள் இதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன.

சந்தை வழக்கம்

சட்டப் புத்தகங்கள் வருவதற்கு முன்பே சந்தைக்கு என்று ஒரு நியாயம் இருந்தது. நெல் மூட்டை வாங்குபவர் குத்தூசியால் மூட்டையைக் குத்தி, உள்ளிருந்து நாலு மணியை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பார். மேலே நல்ல நெல்லைப் போட்டு அடியில் பதரை நிரப்பியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். எண்ணெய் வாங்குபவர் முகர்ந்து பார்ப்பார். மாடு வாங்குபவர் பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. இதைத் திருப்பிப் போட்டால் இன்னொரு விதி கிடைக்கும். காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், பார்க்க வேண்டும். அதைக் குற்றம் என்று யாரும் சொன்னதில்லை.

இந்த நியாயத்துக்கு ஓர் அடிப்படை உண்டு. வாங்குபவர், விற்பவர், பொருள் மூன்றும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பார்த்துத்தான் வாங்கினாய், பிறகு என்ன புகார் என்று விற்பவர் கேட்கலாம். பார்க்க விட்டதால் அவர் அப்படிக் கேட்பதில் நியாயமும் இருந்தது.

கம்பெனி பிரித்தால் சரி

பார்க்காமலேயே ஆர்டர் கொடுத்து வாங்குவதும் புதுச்சேரிக்குப் புதிதல்ல. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1664-ல் தொடங்கப்பட்டது. 1674-ல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் நிலைகொண்டார். கம்பெனிக்கு இங்கிருந்து வேண்டியிருந்த முக்கியமான சரக்கு பருத்தித் துணி.

அந்த வியாபாரம் நடந்த முறை இன்றைய இணைய வியாபாரத்தை நினைவுபடுத்தும். முதலில் ஒரு மாதிரித் துணி. இந்த நீளம், இந்த அகலம், இந்த நெருக்கம் என்று பேச்சு. வணிகர்களுக்கு முன்பணம். அவர்கள் ஊர் ஊராக நெசவாளர்களிடம் பணத்தைப் பிரித்துக் கொடுப்பார்கள். மாதங்கள் கழித்துத் துணி கட்டுக் கட்டாகக் கிடங்குக்கு வந்து சேரும்.

வந்ததும் கம்பெனி செய்த முதல் வேலை கட்டைப் பிரிப்பதுதான். துணியை விரித்து, அளந்து, மாதிரியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பார்கள். மாதிரிக்குச் சரியாக இருந்தால் முழு விலை. கொஞ்சம் குறைவாக இருந்தால் விலையைக் குறைத்து எடுத்துக்கொள்வார்கள். மோசமாக இருந்தால் கழித்து வணிகரிடமே திருப்பித் தருவார்கள். "கட்டைப் பிரித்துவிட்டீர்களே, இனி எப்படித் திருப்பித் தருவீர்கள்?" என்று எந்த வணிகரும் கம்பெனியைக் கேட்டிருக்க முடியாது.

இந்த வணிக உலகத்தை உள்ளிருந்து பார்த்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761). 1747-ல் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாஷியாக ஆனவர். 1736 முதல் தம் வாழ்வின் கடைசி வரை தமிழில் அவர் எழுதிய நாட்குறிப்பு, அந்தக் காலத்துப் புதுச்சேரியின் வணிகத்தையும் அரசியலையும் அறிய முதன்மையான ஆதாரங்களில் ஒன்று.

கழிக்கப்பட்ட துணியின் நஷ்டம் யார் தலையில் விழுந்தது? வணிகர் அதை நெசவாளர் மேல் தள்ளப் பார்ப்பார். நெசவாளரோ வாங்கிய முன்பணத்தில் ஏற்கெனவே கடனாளி. கழிந்த துணியை உள்ளூரில் கிடைத்த விலைக்கு விற்க வேண்டியதுதான்.

பிரித்துப் பார்த்துத் திருப்பித் தரும் உரிமை அன்றே முழுமையாக இருந்தது. ஆனால் அது பணபலம் உள்ள வாங்குபவரிடம் மட்டும் இருந்தது. அதே கம்பெனியிடம் ஒரு சாதாரண மனிதர் எதையாவது வாங்கியிருந்தால் அவருக்கு இந்த உரிமை கிடைத்திருக்குமா என்பது வேறு கதை. இந்த உரிமை மேலிருந்து கீழே இறங்கிவந்த பாதைதான் இந்த வரலாறு.

பிரெஞ்சுச் சட்டம் வந்தது

1804-ல் பிரான்சில் நெப்போலியன் காலத்து சிவில் சட்டத் தொகுப்பு வந்தது. 1819 ஜனவரி 6-ம் தேதி ஆணை ஒன்றின் மூலம் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் பிரெஞ்சிந்தியாவில் நடைமுறைக்கு வந்தன. இந்தியர்கள் தங்கள் சாதி வழக்கங்களின்படியே தீர்ப்புப் பெறலாம் என்ற விலக்கும் அந்த ஆணையில் இருந்தது. 1880-ல் கொம்யூன் என்ற உள்ளாட்சி முறை வந்தபோது உழவர்கரையும் ஒரு கொம்யூன் ஆனது. பிரெஞ்சில் அதன் பெயர் உல்கரே.

அந்தச் சட்டத் தொகுப்பில் விற்பனை பற்றிய பகுதியில் சில பிரிவுகள் இன்று படித்தாலும் ஆச்சரியம் தருபவை.

1587-ம் பிரிவு: திராட்சை மது, எண்ணெய் போல சுவைத்துப் பார்த்து வாங்கும் வழக்கம் உள்ள பொருள்களில், வாங்குபவர் சுவைத்து ஒப்புக்கொள்ளும் வரை விற்பனையே நடந்ததாகக் கருத முடியாது. நம் ஊர்ச் சந்தை வழக்கத்தைப் பாரிசில் உட்கார்ந்து யாரோ எழுதியதுபோல இருக்கிறது!

1641-ம் பிரிவு: பொருளில் மறைந்திருக்கும் பழுதுக்கு விற்றவர் பொறுப்பு. அந்தப் பழுது பொருளை உபயோகத்துக்கு ஆகாததாக ஆக்க வேண்டும். அல்லது, தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டார், குறைந்த விலைதான் கொடுத்திருப்பார் என்று சொல்லும் அளவுக்கு இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பழுதுக்கு மட்டும் விற்றவர் பொறுப்பல்ல என்கிறது அடுத்த பிரிவு.

1644-ம் பிரிவு: வாங்கியவருக்கு இரண்டு வழி. பொருளைத் திருப்பித் தந்து விலையைத் திரும்பப் பெறலாம். அல்லது பொருளை வைத்துக்கொண்டு விலையில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். கம்பெனி தன் கிடங்கில் செய்துகொண்டிருந்த அதே இரண்டு காரியங்கள்! கழித்துத் திருப்புவது, விலை குறைப்பது. அதை இப்போது எந்த வாங்குபவரும் நீதிமன்றத்தில் கேட்கலாம்.

1648-ம் பிரிவு: வழக்கைக் குறுகிய காலத்துக்குள் போட வேண்டும். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. பழுதின் தன்மையையும் விற்பனை நடந்த ஊரின் வழக்கத்தையும் பொறுத்தது என்று விட்டுவிட்டது. பிரான்சில் 2005-ல்தான் இது இரண்டு ஆண்டு என்று திட்டமாக மாற்றப்பட்டது.

இதன் வேர் இன்னும் பழையது. ரோமாபுரியில் சந்தைகளை மேற்பார்த்த அதிகாரிகள் அடிமைகளையும் கால்நடைகளையும் விற்பவர்கள் அவற்றின் குறைகளை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று கட்டளை போட்டார்கள். மறைத்து விற்றால் வாங்கியவர் திருப்பித் தரலாம். மாட்டுச் சந்தையில் பிறந்த நியாயம்தான் பிரெஞ்சுச் சட்டம் வழியாக உழவர்கரைக்கு வந்து சேர்ந்தது.

பக்கத்து ஊரில் வேறு சட்டம்

பிரெஞ்சுப் புதுச்சேரி ஒரே துண்டாக இருக்கவில்லை. பிரெஞ்சு ஊர்களுக்கு நடுவே பிரிட்டிஷ் ஊர்கள் புகுந்திருந்தன. சில மைல் நடந்தால் ஆட்சி மாறும், சட்டமும் மாறும்.

ஆங்கிலேயர் சட்டத்தின் பழைய அடிப்படை "வாங்குபவரே, எச்சரிக்கை" என்பது. வாங்கும்போது கவனமாகப் பார்க்க வேண்டியது வாங்குபவரின் கடமை. பிரிட்டிஷ் இந்தியாவில் சரக்கு விற்பனை பற்றிய விதிகள் முதலில் 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் இருந்தன. பிறகு 1930-ல் சரக்கு விற்பனைச் சட்டம் தனியாக வந்தது. எச்சரிக்கைக் கொள்கையை அது கைவிடவில்லை. ஆனால் பல விலக்குகளைச் சேர்த்தது. விவரம் சொல்லி விற்றால் பொருள் அந்த விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும் (பிரிவு 15). அந்த வகைப் பொருளை விற்கும் வியாபாரியிடம் விவரத்தைப் பார்த்து வாங்கினால் அது விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் (பிரிவு 16).

பிரித்த பெட்டிக் கேள்விக்கு நேரான பதில் 41-ம் பிரிவில் இருக்கிறது. முன்பு பார்க்காத பொருள் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டால், அது ஒப்பந்தப்படி இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரை, அவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதக் கூடாது. பெட்டியைப் பிரிப்பது பொருளை ஏற்றுக்கொள்வது ஆகாது. அது சோதிப்பது மட்டும்தான்.

43-ம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், மறுத்த பொருளை வாங்கியவர் சுமந்துகொண்டு போய்த் திருப்பித் தர வேண்டிய கட்டாயம்கூட இல்லை. "ஏற்க மறுக்கிறேன்" என்று தெரிவித்தால் போதும். ஆனால் 42-ம் பிரிவு எச்சரிக்கிறது. நியாயமான காலம் கடந்தும் ஒன்றும் சொல்லாமல் வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகவே ஆகும்.

1954 நவம்பர் 1-ல் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியான இணைப்பு முடிந்தது. அதன்பின் 1963-ம் ஆண்டு ஒழுங்குமுறையும் 1968-ம் ஆண்டு சட்டமும் பல இந்தியச் சட்டங்களைப் புதுச்சேரிக்கு நீட்டித்தன. கடையில் வாங்கும் பொருளுக்கு பாரிசின் சட்டம் போய் டெல்லியின் சட்டம் வந்தது.

பணம் முதலில், பொட்டலம் பிறகு

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் சாதாரண மக்களுக்கு ஏன் பயன்படவில்லை? ஒரு காரணம் தபால்காரர் கொண்டுவந்த பொட்டலம்.

பிரிட்டிஷ் இந்தியத் தபால் துறை 1877-ல் வி.பி.பி. என்ற முறையைக் கொண்டுவந்தது. பொருளைத் தபாலில் அனுப்புவார்கள், தபால்காரர் விலையை வாங்கிக்கொண்டு பொட்டலத்தைத் தருவார், பணம் விற்றவருக்குப் போய்ச் சேரும். கைக்கடிகாரம், புத்தகம், லேகியம், தலைமுடித் தைலம் என்று என்னென்னவோ இப்படி விற்பனை ஆயின. பத்திரிகைகளில் "வி.பி.பி.யில் அனுப்பப்படும்" என்ற வரி இல்லாத விளம்பரமே அரிது.

கடைக்குப் போக முடியாத கிராமத்தாருக்கு இது பெரிய வசதி. ஆனால் சந்தை நியாயம் இங்கேதான் உடைந்தது. பணம் கொடுத்த பிறகுதான் பொட்டலத்தைப் பிரிக்க முடியும். பிரித்தபின் உள்ளே இருப்பது குப்பை என்று தெரிந்தாலும் பணம் வேறு ஊருக்குப் புறப்பட்டுவிட்டது. சோதிக்கும் உரிமை சட்டத்தில் இருக்கும். அதை நிலைநாட்டுவதற்கோ பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ போய் வழக்குப் போட வேண்டும். ஐந்து ரூபாய்க் கடிகாரத்துக்கு யார் போவார்கள்?

ரசீதில் அச்சடித்த ஒரு வரி

இரண்டாவது காரணம் ரசீதின் அடியில் இருந்த ஒரு வரி. "விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாது." சரக்கு விற்பனைச் சட்டத்தின் 62-ம் பிரிவு, விற்பவரும் வாங்குபவரும் பேசிக்கொண்டு சட்டத்தின் பாதுகாப்புகளை மாற்றிக்கொள்ளலாம் என்கிறது. இரு தரப்பும் சமபலம் உள்ள வியாபாரிகளாக இருந்தால் அது சரி. ஒரு பக்கம் கடை, மறுபக்கம் குடும்பத்தலைவி என்றால் அங்கே பேச்சு என்று ஒன்று எங்கே நடக்கிறது? பணம் கொடுத்த பிறகு கையில் வரும் ரசீதில் இருப்பதை யார் ஒப்புக்கொண்டார்கள்?

இந்தக் கோபம்தான் நுகர்வோர் இயக்கமாக வளர்ந்தது. 1962 மார்ச் 15-ல் அமெரிக்க அதிபர் கென்னடி, நுகர்வோருக்கு நான்கு உரிமைகள் உண்டு என்று தம் நாடாளுமன்றத்துக்குச் செய்தி அனுப்பினார். பாதுகாப்பு, தகவல், தேர்வு, குரல் ஆகியவையே அந்த நான்கும். 1966-ல் பம்பாயில் ஒன்பது பெண்கள் சேர்ந்து இந்திய நுகர்வோர் வழிகாட்டும் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1985-ல் ஐ.நா. சபை நுகர்வோர் பாதுகாப்பு நெறிகளை ஏற்றது.

1986 டிசம்பர் 24-ல் இந்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் பெற்றது. அந்த நாள்தான் தேசிய நுகர்வோர் தினம். இந்தச் சட்டம் கொண்டுவந்த பெரிய மாற்றம் புதிய உரிமை அல்ல, புதிய வாசல். மாவட்டம், மாநிலம், தேசம் என்று மூன்று அடுக்கு மன்றங்கள் வந்தன. வக்கீல் இல்லாமலே புகார் தரலாம். பழுதை நீக்கச் சொல்லலாம், மாற்றுப் பொருள் கேட்கலாம், பணத்தைத் திரும்பக் கேட்கலாம், நஷ்டஈடும் கேட்கலாம்.

ரசீதில் இருந்த அந்த வரி மட்டும் உடனே மறையவில்லை. அப்படி அச்சடிப்பது முறையற்றது என்று 1999-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை மாநிலங்களுக்கு எழுதியது. அதன் பிறகும் பல ஊர்க் கடைகளில் அந்த வரி அச்சாகிக்கொண்டுதான் இருந்தது.

இணையக் கடை

2007-ல் ஃபிளிப்கார்ட் தொடங்கியது. முன்பின் தெரியாத இணையக் கடைக்கு முன்கூட்டியே பணம் கட்ட மக்கள் தயங்கினார்கள். 2010-ல் அந்நிறுவனம் பொருள் வந்ததும் பணம் தரும் முறையைக் கொண்டுவந்தது. வி.பி.பி.தான் வேறு பெயரில் திரும்பி வந்தது. 2013-ல் அமேசானின் இந்தியத் தளம் வந்தது.

வி.பி.பி.யின் பழைய சிக்கலும் கூடவே வந்தது. பணம் முதலில், பிரிப்பது பிறகு. அதோடு ஒரு புதுச் சிக்கல். விற்பவர் டெல்லியில், தளத்தின் அலுவலகம் பெங்களூரில், கொண்டுவந்து கொடுத்தவர் மூன்றாவது ஒரு கம்பெனியின் ஆள். யாரைக் கேட்பது? "நாங்கள் வெறும் மேடை, விற்றவரைக் கேளுங்கள்" என்று தளம் சொல்லும். விற்றவர் பெயர் பெட்டியின் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும்.

வழக்கு என்று போனாலும் எந்த ஊரில் போடுவது என்பதே முதல் சண்டை. 1986-ம் ஆண்டுச் சட்டப்படி, எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ, பிரச்சினைக்கான காரணம் எழுந்த ஊரிலோதான் புகார் தர வேண்டும். தளத்தின் நிபந்தனைகளிலோ வழக்கு தங்கள் ஊர் நீதிமன்றத்தில் மட்டும்தான் என்று எழுதியிருக்கும். உழவர்கரையில் இருப்பவர் ஒரு மிக்ஸிக்காக பெங்களூருக்குப் பஸ் ஏறுவாரா?

2020-ல் வந்த மாற்றம்

2019-ம் ஆண்டு புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்தது. மூன்று நாள் கழித்து, ஜூலை 23-ல், மின்வணிக விதிகள் அறிவிக்கப்பட்டன. மிக்ஸி கதைக்கு இவற்றில் நான்கு விஷயங்கள் முக்கியம்.

முதலாவது, புகார் தரும் இடம். சட்டத்தின் 34-ம் பிரிவுப்படி, வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ உள்ள மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம். ரெட்டியார்பாளையத்துக்காரருக்குப் புதுச்சேரியே போதும். காகிதத்தில் பார்த்தால் சின்னத் திருத்தம். வாங்குபவர் பக்கம் வந்த மாற்றங்களில் இதுதான் மிகப் பெரியது எனலாம்.

இரண்டாவது, "வாபஸ் இல்லை" என்ற வரி. பழுதான பொருளைத் திரும்ப எடுக்கவும் பணத்தைத் தரவும் மறுப்பது முறையற்ற வணிகம் என்று சட்டத்தின் விளக்கப் பிரிவிலேயே எழுதப்பட்டது. ரசீதில் சொன்ன காலத்துக்குள் திரும்ப எடுக்க வேண்டும். காலம் எதுவும் சொல்லப்படவில்லை என்றால் 30 நாள்.

மூன்றாவது, மின்வணிக விதிகளின் 6-ம் விதி. பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டாலோ, சொன்ன தேதியைத் தாண்டித் தாமதமாக வந்தாலோ, தளத்தில் விற்பவர் அதைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. கட்டுப்பாட்டை மீறிய இயற்கை இடர் போன்ற காரணத்தால் வந்த தாமதத்துக்கு மட்டும் விலக்கு. பெட்டியைப் பிரிக்காமல் இருந்தால்தான் இது பொருந்தும் என்று விதியில் எங்கும் இல்லை.

நான்காவது, குறைதீர்க்கும் அதிகாரி. ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் ஒருவரை நியமித்துப் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

பிரித்தது மட்டுமல்ல, சமைத்துப் பழகிய பொருளையும் திரும்ப எடுக்கச் சொன்ன உத்தரவு ஒன்று உண்டு. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஐ.எஸ்.ஐ. தரத்தில் இல்லாத பிரஷர் குக்கர்கள் தளங்களில் விற்கப்பட்டதற்காக அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அமேசான் வழியாக விற்ற 2,265 குக்கர்கள், ஃபிளிப்கார்ட் வழியாக விற்ற 598 குக்கர்கள் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தரச் சொன்னது. நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடின. ஆனால் உத்தரவின் அடிப்படை தெளிவானது. பழுது பொருளில் இருக்கிறது, அது பெட்டியைப் பிரித்ததால் வந்ததல்ல.

பாரிசில் 14 நாள், உழவர்கரையில்?

புதுச்சேரியில் பல குடும்பங்களுக்கு பிரான்சில் சொந்தம் உண்டு. அண்ணன் பாரிசில், தம்பி லாஸ்பேட்டையில் என்பது இங்கே சாதாரணம். இருவரும் ஒரே நாளில் ஒரே மாதிரி மிக்ஸியை இணையத்தில் வாங்கினால் இருவரின் உரிமையும் ஒன்றல்ல.

பிரான்சில் 1972-லேயே வீடு தேடி வந்து விற்பவரிடம் வாங்கினால் 7 நாளுக்குள் மனம் மாறலாம் என்று சட்டம் வந்தது. 1988-ல் தொலைவிலிருந்து வாங்கும் பொருள்களுக்கும் 7 நாள் வந்தது. 2011-ம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றிய நெறியின்படி 2014 ஜூன் முதல் ஐரோப்பா முழுவதும் இது 14 நாள். பழுது இருக்க வேண்டியதில்லை. காரணம் சொல்லவும் வேண்டியதில்லை. கடையில் எடுத்துப் பார்க்கும் அளவுக்கு வீட்டில் பிரித்துப் பார்க்கலாம் என்பதே கொள்கை. அதற்கு மேல் உபயோகித்து மதிப்பைக் குறைத்தால் அந்த அளவுக்குப் பணம் பிடித்துக்கொள்ளலாம். சுகாதாரக் காரணத்தால் முத்திரையிட்ட பொருள், முத்திரையிட்ட சி.டி., மென்பொருள் போன்றவற்றுக்கு, முத்திரையை உடைத்துவிட்டால் இந்த உரிமை இல்லை.

இந்த விலக்கைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனியில் ஒரு மெத்தை வியாபாரி வாதாடினார். வாங்கியவர் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துவிட்டார், எனவே திரும்ப எடுக்க மாட்டோம் என்றார். 2019 மார்ச் 27-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கடையில் போட்டுப் பார்த்த சட்டையைச் சுத்தம் செய்து மீண்டும் விற்பதுபோல மெத்தையையும் சுத்தம் செய்து விற்கலாம் என்றது.

இந்தியாவில் இப்படி ஒரு பொது உரிமை சட்டத்தில் இல்லை. நிறம் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை, மனம் மாறிவிட்டது என்றால் அந்தத் தளத்தின் ரிட்டர்ன் நிபந்தனை எதுவோ அதுதான். பாரிசின் அண்ணன் காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பலாம். லாஸ்பேட்டைத் தம்பி பழுதையோ ஏமாற்றத்தையோ காட்ட வேண்டும். அவருக்கு உரிமை இல்லாமல் இல்லை. ஆனால் காட்ட வேண்டிய சுமை அவர் தோளில்.

சுமையைக் குறைக்க

1. பெட்டியைப் பிரிக்கும்போது செல்போனில் படம் எடுத்து வைப்பது நல்லது. இந்த வீடியோ இருந்தால்தான் புகார் செல்லும் என்று மின்வணிக விதிகளில் இல்லை. ஆனால் ஆணையத்தில் இதுவே நல்ல சாட்சி.

2. பழுது தெரிந்த அன்றே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். போனில் பேசியது மட்டும் போதாது. 1930-ம் ஆண்டுச் சட்டமும் 2019-ம் ஆண்டுச் சட்டமும் காலத்தை மதிப்பவை.

3. பொருளின் பக்கத்தை, அதில் சொன்ன வாட்ஸ், அளவு, நிறம் எல்லாம் தெரியும்படி சேமித்து வைக்க வேண்டும். பின்னால் அந்தப் பக்கம் மாறிவிடலாம். கம்பெனி காலத்து மாதிரித் துணிக்கு இது சமம்.

4. தளத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதியும் பலன் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

5. அதுவும் பலிக்காவிட்டால் புதுச்சேரி மாவட்ட ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். இணையம் வழியாகவே புகார் தரும் வசதி 2020-ல் இ-தாக்கில் என்ற பெயரில் வந்தது. 2025 முதல் இ-ஜாக்ரிதி தளம் வந்திருக்கிறது.

முடிவாக

கம்பெனியின் கிடங்கில் துணிக்கட்டைப் பிரித்தபோது யாரும் கேள்வி கேட்கவில்லை. வாங்குபவருக்குப் பலம் இருந்ததால் பிரிப்பது சோதனை எனப்பட்டது. வாங்குபவர் சாதாரண மனிதராக மாறியதும் அதே பிரிப்பது குற்றம்போல ஆயிற்று. சட்டங்கள் மாறி மாறி வந்து, பிரிப்பது சோதனைதான் என்பதை மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருக்கின்றன. 1804-ல் சொன்னது, 1930-ல் சொன்னது, 2020-ல் மீண்டும் சொன்னது.

ஆனாலும் விற்பவரின் பதில் இன்னும் "பிரித்துவிட்டீர்களே" என்றுதான் வருகிறது. காரணம் எளிது. பத்துப் பேரில் ஒன்பது பேர் அதைக் கேட்டு அடங்கிவிடுகிறார்கள் என்ற நம்பிக்கை. ரெட்டியார்பாளையத்துக் குடும்பம் அடங்காமல், விரிசல் விழுந்த ஜாரின் படத்தோடு ஒரு புகாரை எழுதினால், அந்த ஒரு பெட்டிக்காவது நியாயம் கிடைக்கும். அடுத்த பெட்டியை அனுப்புபவரும் ஒருமுறை உள்ளே பார்த்துவிட்டு டேப் ஒட்டுவார்.